கப்பல் பீப்பாயும் நெல்லிக்கட்டையும்

ஜவ்வாதுமலை என்று சொன்னாலே வெளியூர்க்காரர்களுக்கு வாசனைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஜவ்வாது ஒன்று, சந்தனம் இன்னொன்று. அந்த மலையின் அடிவாரத்தில், ஆலங்காயத்தில் பிறந்த நான் பிழைக்கப் போன இடம் சரக்குக் கப்பலின் என்ஜின் ரூம். அங்கே என் தலையில் விழுந்த வேலைகளில் ஒன்று, நாறும் தண்ணீரை நாறாமல் செய்வது.

கப்பல்காரன் என்று தெரிந்துவிட்டால் மலைமேல் இருக்கிற உறவுக்காரர்கள் புயலைப் பற்றிக் கேட்பதில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மலையில் படகு என்றால் ஜமுனாமரத்தூர் கோலப்பன் ஏரியில் விடுகிற படகுதான். அதில் ஏது குடிதண்ணீர்த் தொட்டி? ஆனால் வீடுகளின் மொட்டைமாடியில் கருப்பு பிளாஸ்டிக் தொட்டி ஏறிவிட்டது. பதினைந்து நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டு வந்து குழாயைத் திறந்தால் அழுகின முட்டை வாடை. “தண்ணி கெட்டுப்போச்சு, போர் தண்ணி சரியில்ல” என்கிறார்கள். கப்பலில் படகுக்காரர்களும் மாலுமிகளும் 300 வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் குற்றம் சொன்னது தண்ணீரை. குற்றவாளி பெரும்பாலும் பாத்திரம். அதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு எவ்வளவு காலம் ஆயிற்று, அதற்குள் யார் யார் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

(இடையில் ஒன்று. ‘நாற்றம்’ என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் நல்ல மணம் என்றுதான் பொருள். பூ நாறும் என்றால் பூ மணக்கும் என்று அர்த்தம். அந்தச் சொல் எப்போது கெட்டுப்போனது என்று தமிழாசிரியர்கள் யாராவது எழுதினால் படிக்க ஆசை.)

பாய்மரக் கப்பல் காலத்தில் தண்ணீர் மரப்பீப்பாயில் போனது. பெரும்பாலும் ஓக் மரப் பலகை, இரும்புப் பட்டை. லண்டனிலிருந்து கிளம்பும் கப்பல் தேம்ஸ் நதியிலேயே நிரப்பிக்கொள்ளும். அந்த நதியில்தான் ஊரின் சாக்கடையும் கலந்தது. புறப்பட்டுச் சில வாரங்களில் பீப்பாயைத் திறந்தால் கிட்டே போக முடியாது. ஆனால் ஒரு வேடிக்கை. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் அதே தண்ணீர் தானாகத் தெளிந்து, நாற்றம் விட்டு, குடிக்கும்படி ஆகிவிடும். இதனாலேயே தேம்ஸ் தண்ணீர் கடற்பயணத்துக்கு நல்லது என்று பழைய மாலுமிகளிடம் ஒரு பெருமைப் பேச்சே இருந்தது. அழுக்கு ஜாஸ்தியானதால் சீக்கிரம் நாறி, அழுகுவதற்கு இருந்ததெல்லாம் அழுகித் தீர்ந்த பிறகு அடங்கியது. அவ்வளவுதான் அந்தப் பெருமை.

நாறுகிற இடைக்காலத்தில் என்ன செய்வது? முதலில் கிடைத்த வைத்தியம் மூடி மறைப்பது. ஆங்கிலேயக் கடற்படையில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் பீர் என்று கணக்கு இருந்தது. வெப்ப நாட்டுக் கடலில் பீர் தாங்காது. அங்கே ரம், நம் பக்கத்துக் கடலில் சாராயம். 1740-ல் வெர்னன் என்ற கடற்படைத் தளபதி, ரம்மை அப்படியே கொடுக்காதே, தண்ணீரில் கலந்து கொடு என்று உத்தரவு போட்டார். குடிவெறியைக் குறைக்கத்தான் போட்டார். கூடவே, நாறும் தண்ணீர் தொண்டைக்குள் இறங்க ஒரு வழியும் ஆயிற்று. ‘க்ராக்’ என்று அதற்குப் பெயர். நான் கப்பலில் சேர்ந்த காலத்தில்கூட வெள்ளைக்கார அதிகாரிகள் வாயில் அந்தச் சொல் புழங்கியது.

சென்னைக்கு வருவோம். சென்னைக்கு அப்போது துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரி, மூட்டையானாலும் சரி, மசூலாப் படகில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை வந்து மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. நம் ஊர்ப் படகோட்டிகள் அலையின் கணக்குப் பார்த்து அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை எழுதாத வெள்ளைக்காரப் பயணி குறைவு. கப்பலுக்கு வேண்டிய தண்ணீரும் அந்த அலையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். சாமான்களைச் சுமந்த அந்தப் படகோட்டிகளுக்கு நாறும் பீப்பாயும் ஒரு சாமான்தான்.

கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொடுக்க 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர் ஒரு திட்டம் போட்டார். அதுதான் ஏழு கிணறு. வடசென்னையில் இன்றும் அந்தப் பெயரில் பேட்டை இருக்கிறது. வள்ளலார் ராமலிங்க சுவாமிகள் வாழ்ந்த வீடு இருக்கிற பேட்டை என்றால் உங்களில் பலருக்குச் சட்டென்று விளங்கும். அதே 1772-ல் லண்டனில் சார்லஸ் இர்விங் என்ற மருத்துவருக்கு நாடாளுமன்றம் 5,000 பவுன் பரிசு கொடுத்தது. கப்பல் அடுப்பிலேயே கடல்நீரைக் காய்ச்சி வடித்து நல்ல தண்ணீர் எடுக்கும் முறைக்காக. கேப்டன் குக் தன் இரண்டாவது பயணத்தில் அந்தக் கருவியை ஏற்றிக்கொண்டு போனார். தண்ணீர் கிடைத்தது, ஆனால் அடுப்புக்கு விறகும் கரியும் எங்கே போவது? மரக்கப்பலில் விறகுக்கு இடம் ஒதுக்கினால் சரக்குக்கு இடம் இல்லை. அதனால் பீப்பாய் இன்னும் பல காலம் நீடித்தது.

இந்தக் கதை நம் ஊர்க்காரர்களைத் தொடுகிற இடம் ஒன்று இருக்கிறது. 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு, நவம்பர் 16-ம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல். முந்நூற்றுச் சொச்சம் பேர். அதற்குப் பிறகு 1911 வரைக்கும் கப்பல் கப்பலாகப் போனார்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில், சொந்த மாவட்டம் என்ற இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்களில் ஒன்று வட ஆற்காடு. நம்முடைய பழைய மாவட்டம். ஜவ்வாதுமலையும் அதன் அடிவாரமும் அதற்குள்தான் இருந்தன.

நான் அந்தப் பட்டியலைப் பற்றிப் படித்தபோது முதலில் தோன்றியது தண்ணீர்தான். மலை அடிவாரத்துக்காரனுக்குத் தண்ணீரில் ஒரு திமிர் உண்டு. செய்யாறும் கமண்டல நாகநதியும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. பாறையில் விழுந்து, காற்றில் அடிபட்டு, மணலில் வடிந்து வருகிற தண்ணீர். மலைமேல் பீமன் அருவிக்குப் போனவர்கள் அதைக் கையில் ஏந்திக் குடித்திருப்பீர்கள். வறட்சி வந்தால் தண்ணீரே இருக்காது, அது வேறு விஷயம். இருக்கும்போது அது நாறாது. அப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள், கடலையே அதுவரை பார்க்காதவர்கள், வாரக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் உட்கார்ந்து அளந்து கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். கப்பலில் மருத்துவர் இருந்தார், அளவுக்குச் சட்டம் இருந்தது. இருந்தாலும் பீப்பாய்த் தண்ணீருக்குப் பீப்பாயின் குணம்தான். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால் அந்தத் தண்ணீர் எப்படி இருந்தது என்று அவர்கள் வாயால் நமக்கு எதுவும் மிஞ்சவில்லை. வெள்ளைக்கார மாலுமி எழுதியதை வைத்துத்தான் நம் பாட்டன் குடித்ததை நாம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

சரி, பீப்பாய்க்குள் என்னதான் நடந்தது?

காற்றுப் படாமல் மூடிய தண்ணீரில் கொஞ்சம் அழுக்கும், கொஞ்சம் கந்தக உப்பும் இருந்தால் போதும். சல்பேட் என்ற அந்த உப்பு எல்லாக் கிணற்றுத் தண்ணீரிலும் கொஞ்சமாவது இருக்கும். காற்று இல்லாத இடத்தில் மட்டும் செழிக்கிற ஒரு வகை நுண்ணுயிர், நாம் மூச்சுக்கு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதுபோல், இந்தச் சல்பேட்டை எடுத்துக்கொள்கிறது. அது வெளியே விடுவதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகின முட்டை வாடை. இதை 1895-ல் ஹாலந்தில், டெல்ஃப்ட் நகரில், பையரிங்க் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்துச் சொன்னார். அதாவது பாய்மரக் கப்பல்களின் காலம் கிட்டத்தட்ட முடிந்த பிறகு! வியாதியின் பெயர் தெரியாமலேயே இருநூறு வருடம் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அதில் சில வைத்தியங்கள் சரியாகவும் இருந்தன என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார் இருந்தார். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கப்பலுக்குள் காற்று செலுத்தத் துருத்தி செய்தவர் அவர்தான். துளைபோட்ட குழாயை நாறும் தண்ணீரின் அடியில் வைத்துத் துருத்தியால் காற்றை ஊதினார். குமிழி குமிழியாகக் காற்று மேலே வரும்போது நாற்றமும் கூடவே வெளியேறியது. நம் வீட்டில் பால் ஆற்றுவதுபோல, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு உயரத்திலிருந்து ஊற்றினாலும் இதேதான் நடக்கும். அருவித் தண்ணீர் நாறாததற்கும் காரணம் அதே ஆற்றுதல்தான். ஆனால் இது வந்த நாற்றத்தைப் போக்கும், வரப்போகிற நாற்றத்தைத் தடுக்காது. மூடி வைத்தால் மறுபடியும் வரும்.

அடுத்தவர் டோபியாஸ் லோவிட்ஸ். ரஷ்யாவில் மருந்துக்கடை ரசாயனம் பார்த்துக்கொண்டிருந்தவர். 1785-ல் மரக்கரி நிறத்தையும் நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று கண்டார். கெட்டுப்போன தண்ணீரில் கரித்தூளைப் போட்டுப் பார்த்தார், நாற்றம் போயிற்று. பீப்பாயின் உட்பக்கத்தையே தீயில் கருக்கிவிட்டால் என்ன என்று அடுத்த யோசனை. குருசென்ஷ்டெர்ன் என்ற ரஷ்யத் தளபதி 1803 முதல் 1806 வரை உலகத்தைச் சுற்றி வந்தபோது உட்பக்கம் கருக்கிய பீப்பாய்களில் தண்ணீர் கொண்டுபோனார், தண்ணீர் நன்றாக இருந்தது என்று எழுதினார். நாற்றம் பிறக்கிற இடம் பாத்திரம் என்று உணர்ந்து பாத்திரத்துக்கு வைத்தியம் பார்த்த பெரிய முயற்சி என்று இதைத்தான் நான் சொல்வேன்.

பிறகு 1815-லிருந்து ஆங்கிலேயக் கடற்படை மரப்பீப்பாயை விட்டு இரும்புத் தொட்டிக்கு மாறத் தொடங்கியது. மரம் ஊறி அழுகும், இடுக்குகளில் கசடு தங்கும். இரும்பில் அது குறைவு. துரு கலந்து செம்மண் நிறத்தில் வந்தாலும் நாற்றம் குறைந்தது. துருவுக்கு மருந்தாக உட்பக்கத்தில் சிமெண்டுப் பால் அடிக்கும் பழக்கம் வந்தது. நான் வேலை பார்த்த பழைய கப்பல் ஒன்றில்கூட அது இருந்தது. டேங்குக்குள் குனிந்து குனிந்து, வாளியும் பிரஷ்ஷுமாகச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அடிப்போம். பிறகு எபாக்ஸி பெயிண்ட் வந்து அந்த வேலை ஒழிந்தது. என் முதுகு அதற்கு நன்றி சொல்லியது.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது, நம் பக்கத்தில் இதற்கு என்ன செய்தார்கள் என்று தேடாமல் இருக்க முடியவில்லை.

6-ம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரர் தன் பிருஹத் சம்ஹிதையில் நிலத்தடி நீருக்கென்றே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறார். அதில் கலங்கலாக, கசப்பாக, உப்பாக, நாற்றமாக இருக்கும் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு மருந்து வருகிறது. அஞ்சனம், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், பீர்க்கில் ஒரு வகை, நெல்லிக்காய் இவற்றைத் தேற்றாங்கொட்டையோடு சேர்த்துப் பொடித்துக் கிணற்றில் போட வேண்டும். இந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு மலைச் சந்தையே கண்முன் வந்தது. நெல்லிக்காயும் கடுக்காயும் புளியும் தேனும் நம் மலையிலிருந்து இறங்கும் சரக்குகள். தேற்றா மரமும் இந்த மாதிரி வறண்ட காடுகளின் மரம்தான்.

தேற்றாங்கொட்டையை நம்மில் பலர் சிறு வயதில் பார்த்திருப்போம். மண்பானையின் உட்பக்கச் சொரசொரப்பில் கொட்டையைச் சுற்றிச் சுற்றி உரசிவிட்டு, கலங்கல் தண்ணீரை ஊற்றி அப்படியே விட்டுவிட வேண்டும். சேறு திரண்டு அடியில் போய் உட்காரும், மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். சென்னை மாகாணத்தில் கம்பெனியின் மருத்துவராக இருந்த வில்லியம் ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைச் செடிகளைப் பற்றி 1795-லிருந்து வெளியிட்ட தன் பெரிய நூலில் இந்த மரத்தைச் சேர்த்திருக்கிறார். இந்தக் கொட்டை சந்தைகளில் விற்றதையும், தண்ணீர் தெளிவிக்க அது பயன்பட்டதையும் எழுதியவர் அவர். இந்த ஊர்க் கொட்டையைப் பற்றிக் கம்பெனி மருத்துவர் எழுதிக்கொண்டிருந்தபோது, கம்பெனிக் கப்பலில் போனவர்கள் நாறும் பீப்பாயைத் திறந்துகொண்டிருந்தார்கள்!

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தேற்றாங்கொட்டை நாற்றத்துக்கு நேரடி மருந்து அல்ல. அது கலங்கலுக்கு மருந்து. சேற்றோடு அழுக்கும் போய்விடுவதால் நுண்ணுயிருக்குத் தீனி குறைகிறது, அந்த வழியில் நாற்றமும் குறையலாம். கெட்ட கிருமியெல்லாம் அதில் செத்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள்.

கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவதும் அப்படித்தான். எங்கள் தாத்தா வீட்டுக் கிணற்றில் அடியில் நெல்லிக்கட்டை இருந்தது. தூர் வாரும்போது பார்த்திருக்கிறேன், கன்னங்கரேலென்று இரும்பு மாதிரி இருக்கும். உப்பை எடுத்துவிடும் என்பார்கள். உப்பை மரக்கட்டை எடுக்காது. ஆனால் நெல்லியின் துவர்ப்பு தண்ணீரில் இருக்கும் இரும்போடு சேர்ந்து கருக்கும். கட்டை கருத்ததற்கும், தண்ணீரின் இரும்பு ருசி குறைந்ததாகத் தோன்றியதற்கும் அது காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் நாறாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம் வேறு. தினம் இறைத்தார்கள். வெயிலும் காற்றும் பட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தூர் வாரினார்கள்.

மணமூட்டுவது மூன்றாவது வழி. சுஸ்ருத சம்ஹிதையில் தண்ணீருக்கு நாகப்பூ, செண்பகம், நீலோற்பலம், பாதிரி ஆகிய பூக்களால் மணம் ஏற்றச் சொல்லியிருக்கிறது. அந்தப் பாதிரிப்பூ நம் நாலடியாரிலும் வருகிறது. படிக்காதவனும் படித்தவனோடு பழகினால் அறிவு பெறுவான். எப்படி என்றால், பாதிரிப்பூவைச் சேர்ந்த புதுப்பானை தன்னில் ஊற்றிய தண்ணீருக்கு மணம் கொடுப்பதுபோல. பாட்டைச் சொன்னவர் சமண முனிவர், சொல்ல வந்தது கல்வியைப் பற்றி. ஆனால் அதற்குள் ஒரு வீட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டு நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலும் சுவாமியின் திருமஞ்சன நீரில் சேர்க்க ஏலம், இலாமிச்சை வேர், செண்பக மொட்டு வாங்குவதற்குக் காசு முதலாக வைத்ததைப் பொறித்திருக்கிறார்கள். பானையில் வெட்டிவேர் போடும் நம் வழக்கம் அந்த வரிசையில் வருவது.

வெட்டிவேர் எனக்கும் பிடிக்கும். ஆனால் நல்ல தண்ணீருக்கு அது அலங்காரம். நாறும் தண்ணீருக்கு அது வெர்னன் கலந்த ரம் மாதிரி. நாற்றம் ஒரு எச்சரிக்கை மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டுத் தீ அணைந்தது என்று சொல்லக் கூடாது.

கரி மட்டும் இந்தியாவிலும் ரஷ்யாவிலும் ஒரே வேலையைச் செய்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பானை அடுக்கி, கரியும் மணலும் போட்டு வடிகட்டும் முறை நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமாகவே இருந்தது. இன்று எல்லா வீட்டு வாட்டர் ஃபில்டரிலும் உள்ளே இருப்பது அதே கரியின் பேரன்தான். அதிலும் தேங்காய் ஓட்டுக் கரிக்கு உலகம் முழுக்க கிராக்கி. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் போகிறவர்கள் கொட்டாங்குச்சி கரியாவதைப் பார்க்கலாம்.

என் காலத்துக் கப்பலில் கடல்நீரைக் காய்ச்சும் கருவி என்ஜினின் சூட்டிலேயே ஓடியது. உள்ளே காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் தண்ணீர் ஐம்பது டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். இர்விங்குக்குக் கிடைக்காத விறகு எங்களுக்கு இலவசமாகக் கிடைத்தது. நாலாவது என்ஜினியராக அதைப் பார்த்துக்கொண்டவன் நான். அப்படி வடித்த தண்ணீரும் ஒரு முறை நாறியது. எல்லாரும் கருவியைச் சந்தேகப்பட்டார்கள், பிறகு முந்தின துறைமுகத்தில் ஏற்றிய தண்ணீரை. சீஃப் என்ஜினியர் ஒரு வயதான கோவாக்காரர். அவர் எதையும் திறக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு குழாயாகப் போய், ஒரு டம்ளரில் பிடித்து, வெளிக்காற்றில் வைத்து முகர்ந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். பச்சைத் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் சரி. வெந்நீரில் மட்டும் நாற்றம். வெந்நீர்த் தொட்டிக்குள் துருவைத் தடுப்பதற்காக ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவது அதன் வேலை. அது கரையும்போது வெளிவரும் ஹைட்ரஜன் இந்தச் சல்பேட் நுண்ணுயிருக்கு நல்ல விருந்து. மிதமான சூட்டில் தேங்கி நின்றால் கேட்கவே வேண்டாம். தொட்டியை நன்றாகக் கொதிக்கவிட்டுக் கழுவி, தண்டை அலுமினிய வகைக்கு மாற்றியதும் நின்றுவிட்டது. உங்கள் வீட்டு கீசரிலும் அதே தண்டு உண்டு.

அந்த டம்ளர் முறையைத்தான் மலைமேல் கேட்பவர்களுக்கும் சொல்லிவருகிறேன். வெந்நீரில் மட்டும் வாடை என்றால் கீசர். காலையில் முதல் டம்ளரில் மட்டும் இருந்து பிறகு போய்விட்டால், தண்ணீர் ஓடாமல் கிடக்கும் குழாய்த் துண்டு. பழைய குழாயை அடைத்து விட்டுவிட்ட முனை எங்காவது இருக்கும். எல்லாக் குழாயிலும், எல்லா நேரமும் என்றால் தொட்டி. போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரே நாறினால்தான் போர்மேல் குற்றம். அப்படி அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

தொட்டிதான் என்றால், முதலில் காலி செய்து அடியில் உள்ள வண்டலையும் சுவரில் உள்ள வழவழப்பையும் தேய்த்துக் கழுவ வேண்டும். வண்டலை விட்டுவிட்டு மருந்து போடுவது வீண். பிறகு நிரப்பி பிளீச்சிங் பவுடர். கப்பலில் நாங்கள் வைத்த கணக்கு 10 லட்சம் பங்கு தண்ணீருக்கு 50 பங்கு குளோரின், 4 மணி நேரம். வீட்டுக் கணக்கில், பவுடர் புதிதாக இருந்தால், 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 170 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, 4 மணி நேரம் கழித்து முழுவதும் வெளியேற்றி, வாடை போகும்வரை அலசுங்கள். அந்தத் தண்ணீரை ஓடையிலோ மீன் இருக்கும் குட்டையிலோ விட வேண்டாம். இது கழுவும் அளவு, குடிக்கும் அளவு அல்ல. தினசரிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்பதுதான் இங்கே வழக்கத்தில் உள்ள கணக்கு. பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டியில் கழுவிய தேதி எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வீட்டுத் தொட்டியிலும் ஒரு சாக்பீஸால் எழுதி வையுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டைப் பவுடரோடு எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், வருவது விஷவாயு.

இன்னொன்று, இது எல்லாவற்றையும்விட முக்கியம். அழுகின முட்டை வாடை வரும் கிணற்றுக்குள், தரைத்தொட்டிக்குள், செப்டிக் டேங்குக்குள் யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருக்கும்போது நன்றாக நாறும். அதிகமானால் மூக்கின் உணர்வே மரத்துவிடும், நாற்றம் போய்விட்டதுபோல் இருக்கும். போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் திரும்ப மாட்டார். அவரைத் தூக்க இறங்குபவரும் திரும்ப மாட்டார். துருப்பிடித்த மூடிய இரும்புத் தொட்டியில் நாற்றமே இல்லாவிட்டாலும் ஆபத்து, துருவே உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டிருக்கும். கப்பலில் டேங்கின் மேன்ஹோலைத் திறந்து, காற்றாடி வைத்து ஊதி, கருவியால் அளந்து, மேலே ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம். ஆள் கணக்கை எழுதும் பலகை ஒன்று மேன்ஹோல் பக்கத்திலேயே தொங்கும்.

மலையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் தொட்டியைக் காலியாக விட்டு, அடி வால்வைத் திறந்து வைத்துவிட்டுப் போனாலே இதில் பாதி வேலை மிச்சம். மூடியில் காற்றுப்போக்குத் துளை அடைபடாமல் இருக்கிறதா, அதில் கொசுவலை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நெல்லிக்கட்டை போட்ட கிணறு உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அடுத்த முறை தூர் வாரும்போது அந்தக் கட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எங்கள் தாத்தா வீட்டுக் கிணறு மூடி இருபது வருடம் ஆகிறது.